சாத்தூர்ப் பக்கம் போனால் எங்கே சாப்பிடுவது?

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிறவர்களில் பாதிப்பேருக்குச் சாத்தூர் என்பது ஒரு பொட்டலம். காரை நிறுத்துவார்கள், அரைக்கிலோ சேவு வாங்குவார்கள், கிளம்பிவிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவாப் பொட்டலம். கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய்ப் பொட்டலம். சிவகாசிக்குப் போகிறவர்கள் பட்டாசுப் பெட்டியோடு திரும்புவார்கள். நடுவில் பசித்தால் நாற்கரச் சாலையோரத்தில் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு பெரிய ஓட்டலில் நெய் ரோஸ்ட்டும் காபியும். ஒரு வட்டாரத்துக்குள் புகுந்து வெளியே வந்தும் அந்த வட்டாரத்துச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடாமலே போய்விடுகிறோம் என்பது பலருக்கு உறைப்பதில்லை.

இந்தப் பக்கத்து உணவைப் பற்றி எழுதுகிறவர்களும் பெரும்பாலும் பொட்டலத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதனால் கேள்வியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். சாத்தூரை நடுவில் வைத்து விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், கோவில்பட்டி என்று ஒரு சுற்று வந்தால் எதை, எங்கே, எந்த வேளையில் சாப்பிடலாம்? எது கடையில் கிடைக்கும், எது கிடைக்காது, ஏன்?

ஏன் என்பதற்கு விடை மண்ணில் இருக்கிறது. இது கரிசல் காடு. வைப்பாறு என்று ஓர் ஆறு உண்டு. அதில் மணலைப் பார்க்கும் நாள்தான் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைக்கிற மானாவாரி நிலம். பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய். நெல் விளையாத ஊர் கையில் இருப்பதை விற்றுத்தான் பிழைக்க வேண்டும். விருதுநகர் அப்படித்தான் சந்தையானது. 1923 வரை விருதுபட்டி என்று இருந்த ஊர் அது. பருப்பு, மிளகாய் வத்தல், மல்லி, எண்ணெய் எல்லாவற்றுக்கும் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் நாளிதழ்களில் தனியாக அச்சாகிற அளவுக்கு அதன் வியாபாரம் வளர்ந்தது. இதயம் நல்லெண்ணெய் அந்த ஊர் சரக்கு. விருதுநகர் சம்பா வத்தலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

சந்தை ஊர்களில் இரண்டு வகைத் தீனி வளரும். ஒன்று, வண்டிக்காரனும் வியாபாரியும் மூட்டை கட்டிக்கொண்டு போகக்கூடியது. நாலு நாள் கெடக்கூடாது. இன்னொன்று, கணக்கு முடித்துக் கடையை அடைத்த பிறகு ராத்திரியில் சுடச்சுடச் சாப்பிடுவது. சேவு முதல் வகை, பரோட்டா இரண்டாம் வகை. 1870களில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை இந்த வழியாக வந்தபோது முதல் வகைக்குச் சக்கரம் முளைத்தது. அன்றிலிருந்து சாத்தூரின் பெயர் ரயில் ஜன்னல் வழியாகத்தான் அதிகம் பரவியிருக்கிறது.

சேவை எடுத்துக்கொள்வோம். கடலை மாவு, கொஞ்சம் அரிசி மாவு, வத்தல் தூள், பூண்டு, பெருங்காயம், உப்பு. இவ்வளவுதான் சரக்கு. பிசைந்த மாவைத் துளையிட்ட தட்டுக் கரண்டியின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க, கீழே கொதிக்கிற எண்ணெயில் விழுகிறது. பிழிவதில்லை, தேய்ப்பதுதான், சேவு தேய்க்கிறது என்றுதான் ஊரில் சொல்வார்கள். அச்சில் பிழிந்தது ஒரே கனத்தில் நீளமாக வரும். தேய்த்தது கட்டையும் குட்டையுமாக, மேலே சொரசொரப்பாக வரும். அந்தச் சொரசொரப்பில்தான் காரம் பிடித்துக்கொள்கிறது. கையின் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் கடைக்குக் கடை சேவு மாறும். இந்த ஊரில் பழைய கடை என்றால் சண்முக நாடார் மிட்டாய்க் கடையின் பெயரைச் சொல்லாதவர்கள் குறைவு. ஆனால் பேருந்து நிலையத்தைச் சுற்றி இன்னும் எத்தனையோ கடைகள் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடைப் பற்று உண்டு. அந்தச் சண்டையில் வெளியூர்க்காரர் தலையிடத் தேவையில்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கிற கடைக்குப் போங்கள், அது போதும்.

கடையில் நின்றால், "அண்ணாச்சி, காரச்சேவா, மிளகு சேவா, பட்டர் சேவா?" என்று கேள்வி வரும். ருசி பார்க்கக் கையில் கொஞ்சம் கொடுப்பார்கள். கூச்சப்படாமல் வாங்கிக் கொள்ளவேண்டும், ஏனென்றால் சாத்தூர்ச் சேவை அதன் சரியான நிலையில் சாப்பிடுகிற இடம் அந்தக் கடை வாசல்தான். எண்ணெய் வடிந்து, சூடு தணிந்து, மொறுமொறுப்பு ஏறிய அந்த நேரத்துச் சேவுக்கும் மூன்றாம் நாள் சென்னையில் பிரிக்கிற பொட்டலத்துக்கும் தூரம் அதிகம். காரம் போகாது. பூண்டு வாசம் போய்விடும். பூண்டு போனால் பாதி போயிற்று என்பது என் கணக்கு.

உள்ளூர்க்காரர்கள் சேவைத் தனியாகச் சாப்பிடுவதைவிட எதனோடாவது சேர்த்துச் சாப்பிடுவதுதான் அதிகம். தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது சேவு. ரசஞ்சோற்றுக்கும் அதே. எல்லாவற்றையும்விட, மிட்டாயும் சேவும் என்கிற ஜோடி. அரிசியும் உளுந்தும் ஆட்டிய மாவை எண்ணெயில் சுற்றிப் பிழிந்து கருப்பட்டிப் பாகில் முக்கினால் கருப்பட்டி மிட்டாய். சீனிப் பாகில் முக்கினால் சீனி மிட்டாய். ஒரு கடி மிட்டாய், ஒரு வாய் சேவு. பாகின் இனிப்பு திகட்டும்போது காரம் வந்து வாயைத் திறந்துவிடும். பெண் பார்க்கப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனாலும், இந்த இரண்டும் சேர்ந்துதான் போகும். வெளியூர்க்காரர்கள் சேவை மட்டும் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

வெள்ளரிக்காயை விட்டுவிடக்கூடாது. சாத்தூர் வெள்ளரி என்று பெயர். கோடைக் காலத்துச் சரக்கு. பிஞ்சைக் கீறி உப்பும் மிளகாய்த் தூளும் தடவித் தருவார்கள். பேருந்து ஜன்னலோரத்தில் கூடையோடு ஓடிவந்து விற்ற பெண்களால்தான் அந்தப் பெயர் வந்தது. இன்று தொலைதூரப் பேருந்துகளில் பல புறவழிச்சாலையிலேயே பறந்துவிடுகின்றன. ஜன்னல் வராத ஊரில் கூடைக்கு என்ன வேலை?

ஸ்ரீவில்லிபுத்தூரும் கோவில்பட்டியும் அதிகம் விளக்கம் கேட்காதவை. பால்கோவா 2019இலும் கடலைமிட்டாய் 2020இலும் புவிசார் குறியீடு பெற்றன. பாலும் சீனியும் தவிர வேறு எதுவும் சேராததுதான் பால்கோவா. அங்கே கூட்டுறவுப் பால் சங்கம் செய்து விற்பதும் உண்டு, தனியார் கடைகளும் உண்டு. ஆண்டாள் கோயிலைப் பார்த்துவிட்டு வருகிற வழியில் வாங்கி, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். குளிர்பெட்டியில் ஏற்றிய பால்கோவா வேறு பண்டம். கடலைமிட்டாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. மானாவாரிக் கடலையும் வெல்லப்பாகும் எத்தனை நாளும் நிற்கும்.

இனி உட்கார்ந்து சாப்பிடுவது. இந்தக் கேள்விக்கு விருதுநகரைத் தவிர வேறு ஊரை முதலில் சொல்ல முடியாது. எண்ணெய்ப் பரோட்டா, பொரித்த பரோட்டா என்று இரண்டு பெயரிலும் சொல்வார்கள். மதுரைப் பரோட்டா கல்லில் வாட்டி, நாலைந்தாய் அடுக்கி, இரண்டு கையாலும் அடித்து நொறுக்கப்படுவது. விருதுநகர்க் கல் நடுவில் பள்ளமாக இருக்கும். அதில் எண்ணெய் தேங்கி நிற்கும். சின்னதாகத் தட்டிய பரோட்டா அந்த எண்ணெயில் பொன்னிறமாகப் பொரிந்து வரும். மேலே முறுகல், உள்ளே இழை இழையாக மெத்து. இலையில் அதைப் பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றுவார்கள். சால்னா கெட்டியாக இருக்கக்கூடாது. நீர்க்க இருந்தால்தான் பொரிந்த மாவுக்குள் இறங்கும். ஊற்றியவுடன் முதல் வாய் மொறுமொறுப்பு, மூன்றாம் வாயில் ஊறல். இரண்டும் ஒரே இலையில் கிடைப்பதுதான் அதன் சூட்சுமம். கூட மட்டன் சுக்கா, காடை, நாட்டுக்கோழி என்று அவரவர் சக்திக்கு ஏற்ப.

விருதுநகரில் பரோட்டாவுக்குப் பேர்போன கடைகளில் ஒன்று பர்மா கடை. அந்தப் பெயர் ஒரு பாதையைக் காட்டுகிறது. தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வியாபாரத்துக்கும் கூலிக்கும் ரங்கூன் போனவர்கள் ஏராளம். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது நடந்தே திரும்பியவர்கள் உண்டு. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளை அரசுடைமையாக்கியதும் கப்பலேறி வந்தவர்கள் உண்டு. பர்மா பஜார், பர்மா காலனி, பர்மா கடை என்று தமிழ்நாடெங்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கதைக்கு ஓர் உறவு தாய்லாந்தின் வடக்கே இருக்கிறது. சியாங் மாய் நகரத்துக்குப் போகிறவர்களிடம் எல்லோரும் சொல்வது காவ் சோய் சாப்பிடு என்பதுதான். தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், மேலே பொரித்த நூடுல்ஸ், பக்கத்தில் ஊறுகாய்க் கீரை, சின்ன வெங்காயம், எலுமிச்சைத் துண்டு. சீனாவின் யுன்னான் பகுதியிலிருந்து கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி வந்த முஸ்லிம் வணிகர்களோடு சேர்த்து அதன் கதையைச் சொல்வார்கள். பர்மாவில் அதற்கு நெருங்கிய உறவான ஒரு தேங்காய்ப்பால் நூடுல்ஸ் உண்டு. ஊறியதும் பொரிந்ததும் ஒரே கிண்ணத்தில் என்பது அங்கேயும் இருக்கிறது. விருதுநகர்ப் பரோட்டாவுக்கும் அதற்கும் ரத்த உறவு என்று நான் சொல்லவரவில்லை. சரக்கு வண்டி நின்ற ஊர்களில் ராத்திரிச் சாப்பாடு ருசியாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு வேறுபாடும் உண்டு. சியாங் மாய்க்குப் போகிறவர் அங்கே இரண்டு நாளாவது தங்கி, ராத்திரிச் சந்தையில் நடந்து, தட்டைக் கையில் பிடித்துச் சாப்பிடுகிறார். நம் ஊர்க்காரர் விருதுநகரைப் பகல் பதினொரு மணிக்குக் கடக்கிறார். அந்த நேரத்தில் பரோட்டாக் கல் சூடாகியே இருக்காது.

பரோட்டாக் கடைகளைப் புகழ்கிறவர்கள் மறைக்கிற ஒன்றையும் சொல்லவேண்டும். இரவு நேரத்து நெரிசலான பரோட்டாக் கடை பெரும்பாலும் ஆண்களின் இடம். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வரும் குடும்பத்துக்குக் கழிப்பறை வேண்டும், உட்கார இடம் வேண்டும், சைவம் மட்டும் சாப்பிடும் அத்தை ஒருத்தி வண்டியில் இருப்பாள். நாற்கரச் சாலை ஓட்டல்கள் நிறைவதற்கு இதுதான் காரணம். அவர்கள் சுவை தெரியாதவர்கள் என்று ஏளனம் செய்வது எளிது, நியாயம் இல்லை. விருதுநகர்க் கடைகளில் பொட்டலம் கட்டித் தருவார்கள் என்பது ஒரு வழி. ஆனால் பொரித்த பரோட்டா பொட்டலத்துக்குள் வியர்த்துப் போகும். சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்லி, பரோட்டாவைக் காகிதத்தில் மட்டும் சுற்றி வாங்கி, தங்கும் இடத்துக்குப் போனவுடன் தின்றால் முக்கால்வாசி தேறும்.

சிவகாசி வேறு மாதிரி ஊர். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது முதல் (மிட்டாய்க் கடைச் சண்முக நாடார் வேறு) இது வேலை ஊர். மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த வானிலை பட்டாசுக்கு உதவியது. சேவு நமுத்துப் போகாமல் இருப்பதற்கும் அதே வானிலைதான் துணை என்று நினைக்கிறேன். காலையில் ஆலை வண்டிகள் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு கிளம்பும்போது ஒவ்வொரு கையிலும் தூக்குச்சட்டி இருக்கும். மருந்து அறைகளில் சாப்பிடக்கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தள்ளிப் போய் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். விரல் இடுக்கில் ஒட்டிய அலுமினியத் தூள் ஒரு கழுவலில் போவதில்லை. சிவகாசியின் உண்மையான மத்தியானச் சாப்பாடு அந்தத் தூக்குச்சட்டிகளில்தான் இருக்கிறது, அது விற்பனைக்கு இல்லை. வருகிறவர்களுக்கு வியாபாரிகளை நம்பி நடக்கும் நல்ல சைவ ஓட்டல்களும் அசைவ மெஸ்களும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போனால் நாடு முழுவதிலிருந்தும் பட்டாசு வாங்க வந்தவர்களோடு மேசைக்கு அடித்துக்கொள்ள வேண்டும். ஊரின் பெயரைச் சொல்லும் பண்டம் என்று சிவகாசிக்கு ஒன்றும் இல்லை என்பது என் முடிவு. சிவகாசி நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

கடையில் கிடைக்காதவைதான் இந்த வட்டாரத்தின் பெரிய உணவு. கம்பஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச் சோறு. குதிரைவாலி விருதுநகர் மாவட்டத்தில் இன்னும் பயிராகிறது. வெள்ளையாய், உதிரியாய், அரிசிச் சோற்றுக்கு ஏறக்குறைய பக்கத்தில் வரும். கருவாட்டுக் குழம்போ காணத் துவையலோ இருந்தால் அரிசியைத் தேடத் தோன்றாது. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் இந்தச் சாப்பாட்டை எழுத்தில் நிறையப் பதிந்துவைத்தார். அவர் எழுதிய வெஞ்சனங்களைப் படித்துவிட்டு அதைத் தேடிக் கோவில்பட்டி ஓட்டலுக்குள் நுழைகிறவருக்குச் சாம்பார் சாதம்தான் கிடைக்கும்.

மழைக்காலத்தில் வந்தால் அதலைக்காயைக் கேளுங்கள். கரிசலில் யாரும் விதைக்காமல் கிழங்கிலிருந்து தானே கொடி ஓடிக் காய்க்கிற சின்னக் காய். பாகலின் சொந்தம், கசப்பும் அப்படியே. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் விருதுநகர், சாத்தூர்ச் சந்தைகளில் கூறு கட்டி வைத்திருப்பார்கள். பறித்த காய் நாள் தாங்காது, வெடித்துவிடும். காம்பையும் முனையையும் கிள்ளி, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் சுருள வதக்கவேண்டும். சென்னையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ராத்திரிப் பேருந்தில் அதலைக்காய் அனுப்பும் தாய்மார்கள் இங்கே உண்டு. அதேபோல மிதுக்கு வத்தல். காட்டில் காய்க்கும் குட்டி மிதுக்கங்காயை மோரில் ஊறவைத்துக் காயவைத்தது. எண்ணெயில் போட்டால் பொரிந்து மணக்கும். இது மளிகைக் கடைகளில் கிடைக்கும். பொட்டலம்தான் வேண்டுமென்றால் சேவோடு இதையும் வாங்குங்கள்.

இவை ஏன் ஓட்டல் ஏறவில்லை? பஞ்சத்தின் ஞாபகம் ஒட்டியிருப்பது ஒரு காரணம். கம்பும் சோளமும் தின்று வளர்ந்த தலைமுறைக்கு அரிசிச் சோறுதான் மேன்மை. விருந்தாளிக்குக் கம்பஞ்சோறு வைப்பது மரியாதைக் குறைவு. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் விருதுநகர். 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையின் கதை அது. அங்கே படித்த காமராசர்தான் முதலமைச்சரானபின் 1956இல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சோறு இல்லாமையைக் கண்ட மண்ணில் அரிசிச் சோற்றுக்கு இருக்கும் மதிப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மதுரையிலும் சென்னையிலும் குதிரைவாலிப் பொங்கலுக்குத் தனி விலை போட்டு விற்கிறார்கள். விளைகிற ஊரில் ஒரு தட்டு கிடைப்பது அருமையாக இருக்கிறது.

வீட்டுச் சமையல் வெளியே வருகிற ஓர் இடம் உண்டு: சாத்தூருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில், வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் கூடுகிற இருக்கன்குடி. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட குடும்பங்கள் கிடாயோடும் சேவலோடும் வந்து, பொங்கல் வைத்து, அங்கேயே வெட்டிச் சமைத்து, சொந்தபந்தங்களைக் கூட்டி உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். ஆடி கடைசி வெள்ளியன்று ஆற்று மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். அம்மியில் அரைத்த மசாலா, விறகு அடுப்பு, எலும்போடு கொதித்த குழம்பு. எந்த மெஸ்ஸிலும் இந்தக் கறிக்குழம்பு வராது. பக்கத்து அடுப்புக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால், "வாங்க அண்ணாச்சி, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லாமல் விடமாட்டார். அழைத்தால் உட்காருங்கள், கையில் பழமோ மிட்டாயோ இல்லாமல் மட்டும் உட்காராதீர்கள்.

ஆக, போகிறவர்கள் ஊரை விட்டு நேரத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலும் பால்கோவாவும். மத்தியானம் சிவகாசியில் எளிய சாப்பாடு. நாலு மணிக்குச் சாத்தூர்க் கடை வாசலில் டீயோடு சேவும் கருப்பட்டி மிட்டாயும். எட்டு மணிக்கு விருதுநகரில் பொரித்த பரோட்டா. எல்லாம் சேர்ந்து சின்ன வட்டம்தான். சாத்தூரிலிருந்து விருதுநகருக்கு அரைமணிப் பயணம். அவசரம் என்றால் மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிட்டுக் கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டல் நடத்துகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நாற்கரச் சாலையில் சாத்தூர்ச் சேவு என்று பலகை வைக்கத் தெரிந்த உங்களுக்கு, மத்தியானச் சாப்பாட்டில் குதிரைவாலிச் சோறு ஒரு தட்டு, மழைக்காலத்தில் அதலைக்காய் வதக்கல் ஒரு கரண்டி வைப்பது பெரிய காரியமில்லை. ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். கேட்டு வாங்கிச் சாப்பிட ஆள் இருக்கிறது.